நியூட்ரான் பொருளும் கடும் காந்தப் புலமும்: எம்எஸ்சி புராஜெக்ட் எடுப்பவர்களுக்கு ஒரு வழிகாட்டி

எனக்குக் கொழிஞ்சாம்பாறை. பாலக்காடு மாவட்டம், சித்தூர் தாலுக்கா. வேலந்தாவளம் செக்போஸ்ட் தாண்டினால் கோயம்புத்தூர் மாவட்டம் வந்துவிடும். வீட்டில் தமிழ், வில்லேஜ் ஆபீஸில் மலையாளம், வகுப்பில் ஆங்கிலம். இப்படிப் படித்து வந்த எங்களுக்கு இந்தத் தலைப்பைப் பக்கத்தில் உட்கார்ந்து சொல்லித்தர ஆள் கிடைப்பது கஷ்டம். கடைசி வருடப் புராஜெக்ட்டாக இதை எடுத்து முடிக்க எனக்கு ஏழு மாதம் ஆனது. அதில் மூன்று மாதம் தப்பான கேள்வியிலும் தப்பான அலகிலும் போயிற்று. அந்த மூன்று மாதம் உங்களுக்கு மிச்சமாக வேண்டும் என்றுதான் எழுதுகிறேன். ஆந்திரச் சித்தூர், நகரி, புத்தூர் பக்கம் படிக்கிறவர்களுக்கும் பெரும்பாலும் இதே வழிதான். மாறுகிற இடத்தை அங்கங்கே சொல்கிறேன்.

1. தலைப்பைச் சுருக்கி எழுதிக்கொள்ளுங்கள்

“காந்தப் புலத்தில் நியூட்ரான் விண்மீன்” (பெரிய விண்மீன் வெடித்தபின் எஞ்சும், பெரும்பாலும் நியூட்ரான்களாலான அடர்ந்த கரு) என்று தலைப்புக் கொடுத்துவிடாதீர்கள். அது நாலைந்து பேர் பல வருடம் செய்யும் வேலை. ஒரு செமஸ்டருக்குத் தாங்குகிற கேள்வி இது: குறிப்பிட்ட அடர்த்தியில் நியூட்ரான்கள் மட்டும் இருக்கின்றன. வெப்பநிலை சுழியம். வெளியிலிருந்து காந்தப் புலம் கொடுக்கிறோம். நியூட்ரான்களின் ஸ்பின் (துகளின் உள்ளார்ந்த சுழற்சித் தன்மை) எவ்வளவு ஒரு பக்கம் சாய்கிறது, அதனால் ஆற்றலும் அழுத்தமும் எவ்வளவு மாறுகின்றன?

நியூட்ரானுக்கு மின்னூட்டம் இல்லையே, புலம் அதை என்ன செய்யும் என்று முதல் ரிவ்யூவிலேயே கேட்பார்கள். மின்னூட்டம் இல்லாவிட்டாலும் அதற்குக் காந்தத் திருப்புத்திறன் உண்டு. அணுக்கரு மேக்னட்டான் அலகில் அது கழித்தல் 1.913. கழித்தல் குறி இருப்பதால், புலத்துக்கு எதிர்த்திசையில் ஸ்பின் வைத்த நியூட்ரானுக்குத்தான் ஆற்றல் குறைவு. இந்தக் குறியை நோட்டின் முதல் பக்கத்தில் பெரிதாக எழுதிவையுங்கள். புரோகிராமில் இது மாறிப்போனால் ஆற்றல் சரியாகவே வரும், ஸ்பின் சாய்வின் திசை மட்டும் தலைகீழாக இருக்கும். அதனால் கண்ணில் படாது.

2. கம்ப்யூட்டரைத் திறக்கும் முன் கையால் ஐந்து கணக்கு

இந்த வழிகாட்டியில் ஒரே ஒரு பகுதியைத்தான் படிக்க நேரம் இருக்கிறது என்றால் இதைப் படியுங்கள்.

முதல் கணக்கு, நியூட்ரானின் ஃபெர்மி ஆற்றல், அதாவது சுழிய வெப்பநிலையில் நிரம்பிய மட்டங்களில் மிக உயர்ந்ததின் ஆற்றல். அணுக்கருவின் இயல்பான அடர்த்தி ஒரு கன ஃபெர்மிக்கு 0.16 துகள் (ஒரு ஃபெர்மி 10⁻¹⁵ மீட்டர்). அந்த அடர்த்தியில் நியூட்ரான்களை மட்டும் அடைத்தால் ஃபெர்மி ஆற்றல் சுமார் 58 மெகா எலக்ட்ரான்வோல்ட் (இனி எம்ஈவி). ஒரு நியூட்ரானுக்குச் சராசரி இயக்க ஆற்றல் அதில் ஐந்தில் மூன்று பங்கு, ஏறக்குறைய 35 எம்ஈவி.

இரண்டாவது, புலம் ஒரு நியூட்ரானுக்குக் கொடுக்கும் ஆற்றல். திருப்புத்திறனைப் புலத்தால் பெருக்கினால் போதும். 10¹⁸ காஸ் (காந்தப் புலத்தின் அலகு) புலத்தில் சுமார் 6 எம்ஈவி. 10¹⁵ காஸில் அதில் ஆயிரத்தில் ஒரு பங்கு, 0.006 எம்ஈவி. மேக்னட்டார்களின் (மிகக் கடும் காந்தப் புலம் கொண்ட நியூட்ரான் விண்மீன்களின்) மேற்பரப்பில் கணிக்கப்படும் புலம் 10¹⁴ முதல் 10¹⁵ காஸ் வரைதான். அதை 58-க்குப் பக்கத்தில் வைத்துப் பாருங்கள்.

மூன்றாவது, ஸ்பின் சாய்வு. நியூட்ரான்கள் ஒன்றோடொன்று விசை கொள்ளாதவை என்று வைத்துக்கொண்டால், சாய்வு என்பது ஒன்றரை மடங்கு இரண்டாவது எண், வகுத்தல் முதல் எண். 10¹⁸ காஸில் சுமார் 15 சதவீதம். 10¹⁵ காஸில் ஒரு சதவீதத்தில் நூற்றில் ஒரு பங்கைத் தாண்டிக் கொஞ்சம்.

நான்காவது, சாய்ந்ததால் மிச்சமான ஆற்றல். 10¹⁸ காஸில் ஒரு நியூட்ரானுக்கு 0.47 எம்ஈவி. முன்பு பார்த்த 35-க்கு இது சுமார் 1.3 சதவீதம்.

ஐந்தாவதுதான் என் கண்ணைத் திறந்தது. காந்தப் புலத்துக்கே ஓர் ஆற்றல் அடர்த்தி உண்டு: காஸ் அலகில் புலத்தின் வர்க்கம் வகுத்தல் 8 பை. 10¹⁸ காஸில் அது ஒரு கன ஃபெர்மிக்கு 24.8 எம்ஈவி. நியூட்ரான்கள் சாய்ந்து மிச்சப்படுத்திய ஆற்றலை அடர்த்தியால் பெருக்கினால் வருவது 0.075. முன்னூறு மடங்குக்கு மேல் வித்தியாசம்! நியூட்ரான்களின் ஸ்பின்னைப் புலம் உலுக்கத் தொடங்குவதற்கு வெகு முன்பே, புலத்தின் சொந்த எடையும் அழுத்தமும் களத்தில் இறங்கிவிடுகின்றன. உங்கள் புராஜெக்ட்டின் நடுநாயகமான முடிவு இதுதான். கம்ப்யூட்டர் தருவது இதன் விவரம் மட்டுமே.

புலத்துக்கு உச்சவரம்பு உண்டா என்று கேட்பார்கள். புலத்தின் மொத்த ஆற்றல் விண்மீனின் ஈர்ப்பு ஆற்றலை மிஞ்சினால் விண்மீன் நிற்காது. 1.4 சூரிய நிறை, 10 கிலோமீட்டர் ஆரம் என்று போட்டுப் பாருங்கள், 10¹⁸ காஸை ஒட்டி வரும். அணுக்கரு அடர்த்தியில் எல்லா நியூட்ரானையும் ஒரே பக்கம் சாய்க்க வேண்டுமானால், விசையில்லாக் கணக்கிலேயே சுமார் 8 மடங்கு 10¹⁸ காஸ் தேவை. அதாவது, முழுச் சாய்வு அங்கே நடக்காது. அடர்த்தி நூறில் ஒரு பங்காகக் குறையும் இடத்தில், அதாவது விண்மீனின் ஓட்டுப் பகுதியில், 4 மடங்கு 10¹⁷ காஸ் கிட்டத்தட்டப் போதும். அதனால் அடர்த்தியைக் குறைத்துப் பார்ப்பதில்தான் சுவாரஸ்யம் அதிகம். இதை நான் தாமதமாகக் கண்டுகொண்டேன்.

3. அலகுக் குழியில் விழாதீர்கள்

ஜனவரியில் மூன்று வாரம் எனக்குப் புலத்தின் ஆற்றல் அடர்த்தி 24.8-க்குப் பதில் 312 என்றே வந்துகொண்டிருந்தது. புரோகிராமை வரிவரியாகப் பார்த்தேன், தவறில்லை. ஒருநாள் ராத்திரி, தோப்பு மோட்டாரை நிறுத்தப் போன அப்பா திரும்பி வருவதற்குள், சும்மா 312-ஐ 24.8-ஆல் வகுத்துப் பார்த்தேன். 12.6. அது 4 பை.

விஷயம் இதுதான். ஒரு காஸை எம்ஈவி வர்க்கமாக மாற்ற இரண்டு எண்கள் புழக்கத்தில் உள்ளன. ஹெவிசைட்-லோரன்ஸ் முறையில் 1.95 மடங்கு 10⁻¹⁴. அதில் மின்னூட்டம் 0.303, ஆற்றல் அடர்த்தி புலத்தின் வர்க்கத்தில் பாதி. காஸ் முறையில் 6.92 மடங்கு 10⁻¹⁴. அதில் மின்னூட்டம் 0.0854, ஆற்றல் அடர்த்தி வர்க்கம் வகுத்தல் 8 பை. ஒரு கட்டுரையிலிருந்து மாற்று எண்ணையும் இன்னொரு கட்டுரையிலிருந்து வாய்ப்பாட்டையும் எடுத்தால் 4 பை மடங்கு பிசகும். நான் செய்தது அதுவே.

சரிபார்க்க ஒரு வழி சொல்கிறேன். மின்னூட்டத்தைப் புலத்தால் பெருக்கினால் இரண்டு முறையிலும் ஒரே விடை வர வேண்டும்: 10¹⁸ காஸுக்குச் சுமார் 5,900 எம்ஈவி வர்க்கம். 4.41 மடங்கு 10¹³ காஸில் இந்தப் பெருக்கல் எலக்ட்ரான் நிறையின் வர்க்கத்துக்குச் சமமாக வர வேண்டும். இந்த இரண்டும் பொருந்தினால் மேலே போங்கள். டெஸ்லாவில் எழுதிய கட்டுரையும் கைக்கு வரும். ஒரு டெஸ்லா 10,000 காஸ்.

4. என்ன படிப்பது, எவ்வளவு செலவாகும்

பத்திரிகைகளின் தளத்தில் கட்டுரைக்குக் கட்டுரை டாலரில் பணம் கேட்கும். கட்டாதீர்கள். இந்தத் துறையின் கட்டுரைகளில் அநேகமாக எல்லாமே ஆர்க்கைவ் (arXiv) தளத்தில் இலவசமாகக் கிடைக்கும். நான் முதலில் நாற்பது கட்டுரையை இறக்கி வைத்துக்கொண்டு எதையும் முடிக்காமல் இருந்தேன். மூன்று போதும். சக்ரவர்த்தி, பந்தோபாத்யாய், பால் ஆகியோர் 1997-இல் எழுதியது ஒன்று. பிராடரிக், பிரகாஷ், லாட்டிமர் 2000-இல் எழுதியது இரண்டாவது. புரோட்டான், எலக்ட்ரான், நியூட்ரான் மூன்றுக்கும் வாய்ப்பாடுகள் அதில் ஒழுங்காக இருக்கின்றன. சாட்டர்ஜி, எல்கோசி, நோவக், ஓர்ட்டல் 2015-இல் எழுதியது மூன்றாவது. அதைக் கடைசியில் படியுங்கள், ஏன் என்று 8-ஆம் படியில் தெரியும்.

என் செலவுக் கணக்கு: கோயம்புத்தூரில் வாங்கிய பழைய லேப்டாப் 18,000 ரூபாய், அதற்கு ஒரு பேட்டரி 1,900, பிரிண்ட்டும் பைண்டிங்கும் மூன்று பிரதிக்கு 1,450. மென்பொருளுக்கு ஒரு பைசா ஆகவில்லை. பைத்தான் இலவசம். நியூட்ரான் பொருளின் நிலைச் சமன்பாட்டு அட்டவணைகள் (எந்த அடர்த்திக்கு எவ்வளவு அழுத்தம் என்று சொல்பவை) வேண்டுமென்றால் காம்போஸ் (CompOSE) என்ற தரவுத்தளத்தில் இலவசமாக எடுக்கலாம். பேட்டரியை மட்டும் தள்ளிப்போடாதீர்கள். ஐப்பசியில் இடி இறங்கினால் எங்கள் பக்கம் கரண்ட் போய்விட்டு வரும். ஒரு ராத்திரி ஓட்டிய கணக்கு அப்படியே போனது. ஒவ்வொரு அடர்த்தி முடிந்ததும் விடையைக் கோப்பில் எழுதும்படி புரோகிராமை அமையுங்கள்.

5. காகிதங்கள்

இயற்பியலைவிட இங்கே மாட்டிக்கொள்கிறவர்கள் அதிகம். வெளி நிறுவனத்தில் ஒருவரைப் பார்க்கவோ, நூலகத்தில் உட்காரவோ, கோடைக்கால ஆய்வுக்குப் போகவோ இவை வேண்டும்:

கல்லூரி போனஃபைடு சான்று, ஆறு மாதத்துக்குள் வாங்கியது. கைடின் கடிதம். செமஸ்டர் மதிப்பெண் பட்டியல் நகல், இரண்டு செட். ஒரு பக்கப் புராஜெக்ட் சுருக்கம். வெளியாள் ஒருவரை இணைக் கைடாக வைத்தால் டிபார்ட்மென்ட்டின் தடையில்லாக் கடிதம்.

கைடின் கடிதத்தில் “சம்பந்தப்பட்டவர்களுக்கு” என்று பொதுவாக எழுதி வாங்காதீர்கள். நான் அப்படி ஒன்றைக் கொண்டு ராத்திரி ரயிலில் போய், ஒரு நூலகத்தின் வாசலிலேயே திரும்பினேன். எந்த நிறுவனம், எந்தத் தேதி, எதற்காக என்று பெயர் சொல்லி எழுதியிருக்க வேண்டும். முன்கூட்டி மெயில் போட்டு வந்த பதிலையும் பிரிண்ட் எடுத்து வையுங்கள்.

எல்லைப் பக்கத்துப் பிள்ளைகளுக்கே உள்ள சங்கடம் பெயர். என் எஸ்எஸ்எல்சி புத்தகத்தில் இனிஷியல் பின்னால், ஆதாரில் அப்பா பெயர் முழுதாக முன்னால், கல்லூரிப் பட்டியலில் ஒரு எழுத்தே வேறு. ஒரு விண்ணப்பம் இதனால் திரும்பி வந்தது. இரண்டு பெயரும் ஒரே ஆள்தான் என்ற சான்றை வில்லேஜ் ஆபீஸ் தரும். ‘ஒன் அண்ட் சேம் சர்டிபிகேட்’ என்று கேளுங்கள். அக்ஷயா மையத்தில் விண்ணப்பிக்கலாம். எனக்கு ஒன்பது நாள் ஆனது. ஆந்திரப் பக்கத்தில் மீசேவா மையத்தில் விசாரியுங்கள். விண்ணப்பம் போடும் வாரத்தில் இதற்கு ஓடாதீர்கள், முதலாண்டிலேயே முடித்துவிடுங்கள்.

மூன்று அறிவியல் அகாதமிகள் சேர்ந்து நடத்தும் கோடைக்கால ஆய்வு உதவித்தொகைக்கு முதலாண்டில் விண்ணப்பியுங்கள். கோடைக்கு வெகு முன்பே, அதற்கு முந்தைய வருடக் கடைசியிலேயே அதற்கான வேலை தொடங்கிவிடும். ஆசிரியரின் பரிந்துரை வேண்டும். நமக்குப் பக்கத்தில் கஞ்சிக்கோட்டில் ஐஐடி இருக்கிறது, விதுரையில் ஐசர் (இந்திய அறிவியல் கல்வி ஆய்வு நிறுவனம்), வலியமலையில் விண்வெளித் தொழில்நுட்பக் கழகம், சென்னை தரமணியில் கணித அறிவியல் நிறுவனம். ஆந்திரப் பக்கத்தவர்களுக்குத் திருப்பதி அருகே ஏர்ப்பேட்டில் ஐஐடியும் ஐசரும் உண்டு. மெயில் எழுதும்போது “எனக்கு வானியல் பிடிக்கும்” என்று எழுதாமல், 2-ஆம் படியின் ஐந்து கணக்கையும் கையால் எழுதி ஒரு பக்கமாகப் படமெடுத்து இணையுங்கள். அப்படி எழுதாத எட்டு மெயிலுக்கு எனக்குப் பதில் வரவில்லை. அப்படி எழுதிய முதல் மெயிலுக்கு ஆறாம் நாள் வந்தது.

6. புரோகிராம்: சின்னதாகத் தொடங்குங்கள்

முதல் புரோகிராம் முப்பது வரியைத் தாண்டக் கூடாது. ஒரு அடர்த்தி, ஒரு புலம். மேல்ஸ்பின், கீழ்ஸ்பின் இரண்டுக்கும் தனித்தனி ஃபெர்மி ஆற்றல். புலத்தின் ஆற்றலையும் சேர்த்தபின் இரண்டின் உச்சியும் ஒரே மட்டத்தில் நிற்க வேண்டும். அந்தச் சாய்வை இருபாதி முறையில் (விடை இருக்கும் இடைவெளியைப் பாதி பாதியாகக் குறைத்து) தேடுங்கள். நியூட்டன் முறையில் போனால் முழுச் சாய்வுக்குப் பக்கத்தில் எகிறிவிடும்.

விடை 10¹⁸ காஸில் 15 சதவீதத்தை ஒட்டி வருகிறதா? வந்தால் அடர்த்தியை மாற்றி ஓட்டுங்கள். இதற்கு ஒரு வாரம் போதும்.

புரோட்டானும் எலக்ட்ரானும் சேர்க்க ஆசை வரும். அவற்றுக்கு மின்னூட்டம் உண்டு, ஆகவே லாண்டாவ் மட்டங்கள் வரும், அதாவது புலத்துக்குக் குறுக்கே அவற்றின் ஆற்றல் படிப்படியாகத்தான் அமையும். அடர்த்தியில் 5 சதவீதம் புரோட்டான் என்றால், 10¹⁵ காஸில் ஆயிரத்துக்கும் மேற்பட்ட மட்டங்கள் நிரம்பியிருக்கும். கூட்டிக்கொண்டே போனால் புலம் இல்லாத விடைதான் திரும்பக் கிடைக்கும். 10¹⁸ காஸில் இரண்டே மட்டங்கள். அதனால் வரைபடம் ரம்பப் பல்லாக ஏறி இறங்கும். அது பிழையில்லை, புது மட்டம் திறக்கும் ஒவ்வொரு இடத்திலும் அப்படித்தான் வரும். நேரம் இருந்தால் மட்டும் இதைத் தொடுங்கள்.

7. விசையைச் சேர்க்கும்போது கவனம்

உண்மையான நியூட்ரான்கள் ஒன்றையொன்று சும்மா விடாது. எதிரெதிர் ஸ்பின் கொண்ட ஜோடிக்கு ஈர்ப்பு அதிகம் என்பதால், பொருள் சாய மறுக்கிறது. குவாண்டம் மான்டே கார்லோ முறையில் கணக்கிட்டவர்கள் சாயும் தன்மை விசையில்லாக் கணக்கில் பாதிக்கும் கீழே என்று காட்டியிருக்கிறார்கள். உங்கள் 15 சதவீதம் 6, 7 ஆகிவிடும்.

இங்கே ஒரு கண்ணி. எளிதாகக் கையில் கிடைப்பது ஸ்கிர்ம் வகை விசை (அணுக்கருத் தரவுக்குப் பொருந்தும்படி எண்களைச் சரிசெய்த எளிய வாய்ப்பாடு). பல ஸ்கிர்ம் தொகுப்புகளைப் போட்டால், அடர்த்தி சில மடங்கு ஏறியதும் புலமே இல்லாமல் எல்லா நியூட்ரானும் தானாக ஒரு பக்கம் சாய்ந்துவிடும். பெரிய கண்டுபிடிப்பு என்று நான் கைடிடம் ஓடினேன். அணுக்கருச் சிதறல் தரவிலிருந்து வந்த விசைகளை வைத்துச் செய்த கணக்குகளில் இப்படி நடப்பதில்லை. விடானா, போல்ஸ், ராமோஸ் 2002-இலேயே இதைக் காட்டியிருக்கிறார்கள். ஸ்கிர்ம் பயன்படுத்தினால், எந்த அடர்த்தி வரை நம்பலாம் என்று அறிக்கையில் ஒரு பத்தி எழுதுங்கள்.

ஓட்டுப் பகுதியில் நியூட்ரான்கள் ஜோடி சேர்ந்து மீபாய்மமாக (உராய்வில்லாமல் ஓடும் திரவமாக) இருக்கும். அந்த ஜோடியின் பிணைப்பு ஏறக்குறைய 1 எம்ஈவி. புலத்தின் பங்கு அந்த அளவை நெருங்கும்போது ஜோடி உடையும். அது 10¹⁷ காஸை ஒட்டிய புலம். குறைந்த அடர்த்தியைத் தேர்ந்தெடுத்தவர்கள் இதைக் கட்டாயம் குறிப்பிடுங்கள்.

8. நிறை-ஆரம் வரைபடம் போடாதீர்கள்

நிலைச் சமன்பாடு கையில் வந்ததும், கோள வடிவ விண்மீனில் ஈர்ப்பும் அழுத்தமும் சமநிலையில் நிற்பதைச் சொல்லும் டிஓவி சமன்பாட்டில் போட்டு நிறை-ஆரம் வரையத் தோன்றும். காந்தப் புலத்தின் அழுத்தம் எல்லாத் திசையிலும் ஒன்றாக இருக்காது. புலக்கோட்டுக்குக் குறுக்கே அது தள்ளும், நெடுக்கே இழுக்கும். 10¹⁸ காஸில் அந்தத் தள்ளலின் அளவும் முன்பு பார்த்த ஆற்றல் அடர்த்தியேதான், கன ஃபெர்மிக்கு 24.8 எம்ஈவி. அணுக்கரு அடர்த்தியில் நியூட்ரான் பொருளின் அழுத்தமே கன ஃபெர்மிக்கு இரண்டு மூன்று எம்ஈவிதான். இவ்வளவு கோணலான அழுத்தத்தோடு விண்மீன் கோளமாக நிற்காது. டிஓவி சமன்பாடோ கோளம் என்று வைத்துக்கொண்டே எழுதப்பட்டது.

அடர்த்திக்குத் தக்க புலம் ஏறுவதாக ஒரு வாய்ப்பாட்டைப் பல கட்டுரைகளில் பார்ப்பீர்கள். அதை அப்படியே கோளத்தில் வைத்தால் மேக்ஸ்வெல் சமன்பாடே மீறப்படுகிறது என்று மெனசஸும் அல்லோயும் எழுதியிருக்கிறார்கள். இருபரிமாணத்தில் ஒழுங்காகச் செய்ய லோரீன் (LORENE) என்ற இலவச மென்பொருள் தொகுப்பு பாரிஸ் வானாய்வகத்திலிருந்து கிடைக்கிறது. அதை நிறுவவே எனக்கு இரண்டு நாள் ஆனது. ஒரு செமஸ்டரில் அதைக் கற்று முடிக்க முடியாது. அப்படி ஒழுங்காகச் செய்த 2015 கட்டுரையின் முடிவு என்ன தெரியுமா? புலத்தால் நிலைச் சமன்பாட்டில் வரும் மாற்றம் விண்மீனின் அமைப்பில் கிட்டத்தட்ட ஒன்றும் செய்வதில்லை. புலத்தின் நேரடி விசைதான் எல்லாம். உங்கள் ஐந்தாவது கைக்கணக்கு சொன்னதும் அதுவே. அந்த இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து எழுதினால் அறிக்கை நிமிர்ந்து நிற்கும்.

9. கால அட்டவணை, அறிக்கை, வைவா

வாசிப்புக்கும் கைக்கணக்குக்கும் நான்கு வாரம். விசையில்லாப் புரோகிராமுக்கு இரண்டு. விசை சேர்க்க ஐந்து. எழுத நான்கு. திருத்த இரண்டு. மொத்தம் பதினேழு வாரம் ஆகிறது. செமஸ்டர் தொடங்கியபின் ஆரம்பித்தால் பற்றாது, ஓணம் லீவிலேயே வாசிப்பை முடித்துவிடுங்கள்.

எழுதும்போது வரைபடத்தின் கிடை அச்சில் 10¹⁴-இலிருந்து 10¹⁹ வரை மடக்கை அளவில் புலத்தைப் போட்டு, மேக்னட்டார் மேற்பரப்பு எங்கே, ஈர்ப்பு வரம்பு எங்கே என்று இரண்டு செங்குத்துக் கோடு இழுங்கள். வைவாவுக்கு வந்த வெளித் தேர்வாளர் அந்தப் படத்தில்தான் அதிக நேரம் நின்றார். “இந்த இடத்தில் ஒன்றுமே மாறவில்லையே, பிறகு எதற்கு இந்த வேலை?” என்று 10¹⁵ காஸைத் தொட்டுக் கேட்டார். மாறவில்லை என்பதை எண்ணோடு காட்டியதுதான் வேலை என்று சொன்னேன், அப்புறம் 0.006-ஐயும் 58-ஐயும் கரும்பலகையில் எழுதினேன். அடுத்த கேள்விக்குப் போய்விட்டார்.

பைண்டிங்குக்குக் கொடுக்கும் முன் சான்றிதழ் பக்கத்தில் தேதியைப் பாருங்கள். கைடின் கையெழுத்துத் தேதி, துறைத்தலைவரின் தேதி, உங்கள் உறுதிமொழித் தேதி மூன்றும் சமர்ப்பிக்கும் நாளுக்கு முன்னால் இருக்க வேண்டும். என் பிரதிகளில் உறுதிமொழித் தேதி இரண்டு நாள் பின்னால் இருந்ததால் மூன்றையும் பிரித்து மறுபடி பைண்ட் செய்தேன். அதற்கு 360 ரூபாயும் ஒரு முழு நாளும் போயிற்று. மேலே சொன்ன 1,450-இல் அது சேரவில்லை.